தண்டச்சோறு

"கண்ண மூடிப் பாடும்மா, கண்ண மூடி" என்று பாஸ்டர் கீழே நின்று கையால் காட்டுகிறார். நான் மூடவில்லை. மூட மாட்டேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, என் கண்ணும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தின் ஓரம். மரக்கறி ஏற்றுகிற பழைய லொறி ஒன்றின் பின்கதவை இறக்கிவிட்டால் அதுதான் எங்கள் மேடை. மேலே நானும் மைக்கும். பக்கத்தில் சோடாப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து ரெஜி மாமா அக்கோடியனை இழுக்கிறார். கீழே மேசையில் சோற்று அண்டா, பருப்புச் சட்டி, கத்தரிக்காய்க் கறி. மூடியைத் திறந்தால் ஆவி நேராக என் முகத்துக்குத்தான் வரும். பாடுகிறவளுக்கு அதைவிடத் தொல்லை வேறு இல்லை, வாயெல்லாம் எச்சில் ஊறிவிடும்.

மேசையிலிருந்து தொடங்குகிற வரிசை சில வாரங்களில் கழிப்பறை மூலை வரைக்கும் நீளும். மூட்டை சுமக்கும் நாட்டாமைகள், பிச்சைக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து ஊர் திரும்பக் காசில்லாமல் மாட்டிக்கொண்டவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போவேன். தலையில் துண்டு கட்டியவனை இரண்டு தரம் பார்ப்பேன். குனிந்து நிற்பவன் நிமிரும்வரை அடுத்த வரிக்குப் போக மாட்டேன். அந்த இடைவெளியை ரெஜி மாமா அக்கோடியனைச் சும்மா இழுத்து அடைத்துவிடுவார்.

என் அண்ணன் பாலு அந்த வரிசையில் நிற்கிறானா என்று பார்க்கத்தான் நான் பாடப் போனேன். இயேசுவுக்காகப் போகவில்லை. இதை இன்றைக்குத்தான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

பாட்டுச் சோறு

மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்து ஹாஜியாரின் புடவைக்கடையில் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "பஸ் ஸ்டாண்டில் நீங்கள் அல்லேலூயா பாடியதை ஏன் மறைத்துவிட்டீர்கள்?" என்று கடிதம் போட்டிருக்கிறார். மறைக்கவில்லை அம்மா. அதைத் தொட்டால் அண்ணனைத் தொடவேண்டும். அதனால்தான் இத்தனை வாரமாக ரிப்பன், பட்டன் என்று சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்தச் சோற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பாஸ்டருடையது பெரிய சபை இல்லை. வாடகைக்கு எடுத்த ஒரு மாடி, கொஞ்சம் கதிரைகள், மழை வந்தால் ஒழுகுகிற கூரை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் தெருவில் சோறு போட்டு, பாட்டுப் பாடி, நற்செய்தி சொல்லியே ஆக வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். அதற்கு "அன்பின் விருந்து" என்று பெயர் வைத்து, துணியில் மூன்று மொழியிலும் எழுதிக் கட்டியிருந்தார்.

ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. சிங்கள ஆட்கள் வந்து "தன்சலா?" என்று கேட்பார்கள். வெசாக் காலத்தில் தெருவில் பந்தல் போட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சாப்பாடு கொடுப்பார்களே, அது. தோட்டத்து ஆட்கள் "என்னா, அன்னதானமா?" என்பார்கள். ஒரு முஸ்லிம் நாட்டாமை கடைசிவரை கந்தூரி என்றுதான் சொன்னார். பாஸ்டர் ஒவ்வொருவரையும் நிறுத்தித் திருத்திப் பார்த்து அலுத்துப்போனார். முடிவில் பஸ் நிலையமே சேர்ந்து ஒரு பெயர் வைத்துவிட்டது: பாட்டுச் சோறு.

ஆரம்பத்தில் மூன்று பாட்டு, ஒரு பிரசங்கம், ஒரு ஜெபம், அதன்பிறகுதான் சோறு என்று இருந்ததாம். அதை மாற்றியவர் பூமணி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். கணவருக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் வேலை. மஹியாவையில் இருந்த தன் வீட்டுக் கொல்லையில் விடியற்காலையே அடுப்பு மூட்டி, அத்தனை பேருக்கும் ஆக்கி, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து பரிமாறுகிறவரும் அவரே. ஒரு வெள்ளிக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் அகப்பையால் அண்டாவைத் தட்டினாராம்.

"எனக்கு ஏலாது பாஸ்டர். பசிச்சுக்கொண்டு நிக்கிற சனத்துக்கு முன்னாலை சட்டியை மூடி வைச்சுக்கொண்டு நான் ஜெபிக்க மாட்டன். நீங்கள் பாடுங்கோ, நான் போடுறன்."

அன்றிலிருந்து பாட்டும் சோறும் ஒன்றாகவே ஓடின. பாஸ்டருக்கு முகம் தொங்கிப்போனது. ஆனால் பூமணி அக்கா இல்லாவிட்டால் அடுப்பே எரியாது என்பதால் பேசாமல் இருந்துவிட்டார்.

ரெஜி மாமாவின் விரல்கள்

ரெஜி மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் அவர் ஆவி என்னைச் சும்மா விடாது. பறங்கி மனுஷர், ரயில்வேயில் கார்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளமை முழுக்கக் கல்யாண வீடுகளில் ஆட்டம் போட வைக்கிற பைலா வாசித்த கை அது. வயதுபோன காலத்தில் மனம் திரும்பினார். விரல்கள் மட்டும் திரும்பவில்லை.

பாஸ்டர் தானே எழுதி மெட்டமைத்த பாட்டுகள் எல்லாம் மாட்டுவண்டி வேகத்தில் போகும். ரெஜி மாமா பக்தியோடுதான் தொடங்குவார். இரண்டாவது சரணத்தில் அக்கோடியன் மெல்ல ஒரு துள்ளு துள்ளும். மூன்றாவதில் சுத்தமான பைலா. கண்டியில் அந்தத் தாளத்தைக் கேட்டால் நடக்கிறவனின் காலும் தானாக மாறிவிடும். ஒருநாள் வரிசையில் நின்ற நாட்டாமைகள் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள். பஸ் கண்டக்டர்கள் கைதட்டினார்கள். ஒரு கிழவி பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். பாவத்தைப் பற்றிய பாட்டு அது.

"பிரதர் ரெஜி! என்ன பிரதர் இது?" என்று பாஸ்டர் ஓடிவந்தார்.

"நான் என்ன செய்ய பாஸ்டர்? நான் சொல்றது விரலுக்குக் கேக்கிது இல்ல" என்றார் ரெஜி மாமா, நிறுத்தாமலே.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க நேரமில்லை. பைலா என்றால் அண்ணனுக்கு உயிர். தோட்டத்துத் திருவிழாவில் பாட்டுப்பெட்டிக்கு முன்னால் விடியும்வரை ஆடுவான். அதனால் அன்றைக்கு முகங்களை விட்டுவிட்டு ஆடுகிற கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கே விட்டேன்? அண்ணன் ஏன் போனான் என்று இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும்.

நான் சொன்ன சொல்

அண்ணன் இடக்கைக்காரன். தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டம் வெட்டுவதைக் கவ்வாத்து என்போம். எல்லோரும் வலக்கையால் ஒரு பக்கம் வீசுவார்கள், இவன் கத்தி எதிர்ப்பக்கமாக வரும். அடுத்த நிரையில் நிற்பவனின் முழங்காலுக்கு ஆபத்து என்று கங்காணி அவனைத் தனியாக நிறுத்துவார். அதுவரைக்கும் சரி. ஒருநாள் எல்லோர் முன்னாலும் "டேய் நொட்டாங்கை" என்று கூப்பிட்டார். அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கங்காணியின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் அவன் பெயரைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் கூப்பிடவில்லை. அப்படியே மாதங்கள் போயின. அப்பா ஏற்கனவே இறந்துவிட்டார். அம்மா கொழுந்து எடுத்தாள், நான் கண்டியில் துணி கிழித்தேன், அண்ணன் வீட்டில், அந்த லயத்துக் காம்பிராவில் கிடந்தான். வேலை கேட்டுப் பன்வில பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அலைந்தான். கங்காணி சட்டையைப் பிடித்தவன் என்ற பேச்சு அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

ஒரு மாதம், கிடைத்த நாலைந்து நாள் லீவில் நான் வீட்டுக்குப் போனேன். கட்டாக் கருவாடு வாங்கிப் போயிருந்தேன். பஸ்ஸில் நின்றே வந்த அலுப்பு, பசி, தலைவலி. அம்மா பொரித்துக் கொண்டிருக்கும்போதே அண்ணன் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"இன்னொரு துண்டு வையம்மா. நல்லா இருக்கு" என்றான்.

என் நாக்கில் சனி உட்கார்ந்தது. "தண்டச்சோறுக்குக் கருவாடு வேற வக்கணையா கேக்குதோ" என்றேன்.

நம் வீடுகளில் இந்தச் சொல்லை யார் யாரைச் சொல்லவில்லை? அப்பன் மகனைச் சொல்கிறான், பெண்டாட்டி புருஷனைச் சொல்கிறாள். சொன்ன வாயே அடுத்த நிமிஷம் "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்கிறது. நானும் அப்படித்தான் சொன்னேன். அடுத்த துண்டை எடுத்து அவன் தட்டில் வைக்கக் கையைக்கூட நீட்டிவிட்டேன்.

 அண்ணன் செம்புத் தண்ணீரைத் தட்டிலேயே ஊற்றிக் கையைக் கழுவினான். பாதிச் சோறு தண்ணீரில் மிதந்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கடைக்குப் போகிறான் என்று நினைத்தோம்.

அம்மா அந்தத் தட்டை இரண்டு நாள் கழுவாமல் வைத்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன், கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அலுமாரியில் கிடந்த அட்டை

மூன்றாம் நாள்தான் பார்த்தோம். அவனுடைய அடையாள அட்டை அலுமாரியிலேயே கிடந்தது.

அது என்ன காலம் என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கில் சண்டை. இங்கே சந்திக்குச் சந்தி சோதனை, திடீர் திடீரென்று சுற்றிவளைப்பு. அட்டை இல்லாத ஒரு தமிழ் இளைஞனைப் பிடித்துக்கொண்டு போனால், எங்கே என்று கேட்கப் போகிறவரும் அட்டையைக் காட்டித்தான் கேட்க வேண்டும். தோட்டத்து ஆளுக்கு அந்த அட்டை லேசில் கிடைத்ததும் இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லை, இருந்தால் பெயரில் பிழை, பிழையைத் திருத்தப் போனால் அப்பா பெயரில் இன்னொரு பிழை. அப்பா சாவதற்கு முன் நாயாக அலைந்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது அது.

அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கண்டி முழுக்கத் தேடினேன். சந்தை, ஸ்டேஷன், வாவியைச் சுற்றி உட்காரப் போட்டிருக்கிற வாங்குகள். பேராதனை ஆஸ்பத்திரியில், பேர் தெரியாமல் கிடப்பவர்களைக்கூடக் கட்டில் கட்டிலாகப் பார்த்துவிட்டு வந்தேன். கடையில் கால் தரிக்கவில்லை. ஒரு யார்ட் துணி கேட்டால் ஒன்றரை யார்ட் கிழித்துவிடுவேன்.

எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் ஒருநாள் கடைக்கு வந்து சொன்னார்: "ஒங்க அண்ணன கண்டேன். குட்ஷெட்ல, அந்தப் பாட்டுச் சோறு குடுக்கிற பக்கம். நான் எறங்குறதுக்குள்ள ஆளக் காணோம்."

வெள்ளிக்கிழமை என்றால் ஹாஜியார் ஜும்ஆ தொழுகைக்காகக் கடையைப் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அடைப்பார். அந்த இரண்டு மணி நேரம் எனக்குக் கிடைத்தது. தலைதெறிக்க ஓடினேன். முதல் இரண்டு வாரம் கூட்டத்துக்குள் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன். என் உயரத்துக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரிந்தது. மூன்றாவது வாரம், நான் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றதைக் கேட்டுவிட்டுப் பாஸ்டர் பக்கத்தில் வந்தார்.

"நல்ல குரல் தங்கச்சி. மேல வந்து பாடுறீங்களா?"

நான் லொறியைப் பார்த்தேன். அங்கே ஏறினால் வரிசை தலை முதல் வால் வரை தெரியும்.

"பாடுறேன்" என்றேன். என்ன பாட்டு என்றுகூடக் கேட்கவில்லை.

விறகு பிந்திய நாள்

ஏழு மாதம் அப்படிப் போனது. அண்ணனைத் தேடுகிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் போனான் என்று கேட்பார்கள். அந்தச் சொல்லை என் வாயால் இன்னொரு தரம் சொல்ல வேண்டி வரும். பாஸ்டரோ என்னைக் கண்ணை மூட வைக்க ஏழு மாதமும் போராடினார். "ஆண்டவரப் பார்க்கணும்னா கண்ண மூடணும் தங்கச்சி" என்பார். நான் தலையை ஆட்டிவிட்டு வரிசையைப் பார்ப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை லொறி அரை மணி நேரம் பிந்தி வந்தது. வரிசை கூச்சல் போட, ரெஜி மாமா தெரிந்த பைலா எல்லாவற்றையும் வாசித்து ஒப்பேற்ற, பூமணி அக்கா வியர்த்து விறுவிறுத்து இறங்கினார். நான் மைக்கை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

"விறகு கொத்துற ஆள் இண்டைக்குப் பிந்திப் போச்சு. ஆரோ சோதனையிலை மறிச்சு வைச்சிருந்தவங்களாம், அவனிட்டை அட்டை இல்லை. அவன் வராட்டி எனக்கு அடுப்பே எரியாது" என்று மூச்சு வாங்கினார். பிறகு தனக்குத்தானே சிரித்தார். "அது ஒரு விசரன், பிள்ளை. முதல் சாப்பிடு, பிறகு கொத்து எண்டால் கேக்கான். எல்லாத்தையும் கொத்தி அடுக்கிப்போட்டுத்தான் ஒரு பார்சல் வாங்குவான். தண்டச்சோறு தனக்குச் செரிக்காதாம்."

மைக் என் கையிலிருந்து நழுவி லொறிப் பலகையில் விழுந்தது. பஸ் நிலையமே அதிர்ந்தது.

"எந்தக் கையால கொத்துவாரு?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? இடக்கையாலை. அவன் கோடாலி வீசேக்கை அந்தப் பக்கம் ஒருத்தரும் நிக்கேலாது."

ஏழு மாதமாக வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தண்டச்சோறு என்ற சொல்லுக்காக வீட்டை விட்டுப் போனவன், சும்மா போடுகிற சோற்றுக்கு வரிசையில் வந்து நிற்பானா? சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும். எனக்கு விளங்கவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று அவன் போய்விட்டிருந்தான். எங்கே படுக்கிறான் என்று பூமணி அக்காவுக்கும் தெரியாது. இனி வெள்ளிக்கிழமைதான் வருவான் என்றார். ஒரு வாரம்! அவனைச் சோதனையில் மறித்தார்கள் என்ற பேச்சு வேறு. அந்த வாரத்தில் நான் தூங்கிய நேரத்தைச் சேர்த்தால் ஓர் இரவு தேறாது.

வியாழக்கிழமை மாலை ஹாஜியாரிடம் போய் நாளைக்குக் காலையே லீவு வேண்டும் என்று நின்றேன். ஏன் என்றார். முதன்முதலாக உண்மையைச் சொன்னேன், அந்தச் சொல்லையும் சேர்த்து.

அவர் அளவுகோலைக் கீழே வைத்தார். "அதயேன் புள்ள இவ்வளவு நாளா சொல்லாம ஈந்தீங்க? போங்க. போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார்.

கோடாலி

மஹியாவைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி இருக்கும். ஒழுங்கைக்குள் நுழையும்போதே கொத்துகிற சத்தம் கேட்டது. கொல்லையில் ரப்பர் விறகுக் கும்பல். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தாடி, கழுத்தெலும்பு தெரிகிற உடம்பு. சட்டை மட்டும் துவைத்த சட்டை.

"அண்ணே."

திரும்பிப் பார்த்தான். கோடாலியை இறக்கவில்லை.

"யாரு, மகேசா? என்னா, இன்னைக்குக் கட லீவா?" என்றான், நேற்றுத்தான் பார்த்தவன் போல. அடுத்த கட்டையை நிமிர்த்தி வைத்துப் பிளந்தான்.

 கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தான்.

"இந்த மூஞ்சியா நானு?" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்தப் பையை இரண்டு தரம் தட்டிப் பார்த்தான். பயந்துதான் திரிந்திருக்கிறான் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"வீட்டுக்கு வாண்ணே. அம்மா..."

"வேல ஒன்னு அமையட்டும், வர்றேன்."

"நான் அன்னைக்குச் சொன்னது..."

"என்னா சொன்ன? எனக்கு ஞாபகமில்ல" என்றான். பொய். கட்டை இரண்டாக விழுந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழ வேண்டிய இடத்தில் கோபம் வருகிற பிறவி நான். "குடு இத! நான் கொத்துறேன், நீ போயி உக்காந்து சாப்புடு. ஒனக்காக நான் கொத்துனா அது தண்டமில்லதானே?" என்று கோடாலியைப் பிடுங்கினேன். ஓங்கிப் போட்டேன். கட்டை பிளக்கவில்லை. கோடாலி அதில் சிக்கிக்கொண்டது. ஆட்டினேன், இழுத்தேன், கட்டையோடு சேர்த்துத் தூக்கினேன். வரவில்லை.

அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மூக்கால் சிரித்தான். "எனக்கு ஒரு கைதான் நொட்டாங்கை. ஒனக்கு ரெண்டும்" என்றான்.

கட்டையை ஒரு காலால் மிதித்துக் கோடாலியை எடுத்தான். எடுத்தவன் உடனே வேலையைத் தொடங்கவில்லை.

"ஒருநா தூரத்துல நின்னு நீ பாடுறத கேட்டேன். என்னாத்துக்கு அப்புடி முழிச்சு முழிச்சுப் பாக்குற? பாக்குறவனுக்குப் பயமா இருக்கு" என்றான்.

"ஒன்னத்தான் தேடுனேன்."

அவன் அடுத்த கட்டையை நிமிர்த்தி வைத்தான்.

பூமணி அக்கா வாசலில் வந்து நின்றார். "பிள்ளை, நேரம் போகுது. அவர் விறகைக் கொத்தி முடிக்கட்டும், நீர் மத்தியானம் பாட்டுக்கு வாரும்." அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு வரிசைக்கு வாண்ணே. நான் பாடுற எடத்துக்கு. ஒரே ஒரு நாளு" என்றேன்.

"சும்மா நின்னு வாங்குற பழக்கம் எனக்கில்ல. ஒனக்குத்தான் தெரியுமே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்? மஹியாவையிலிருந்து குட்ஷெட் வரை நடந்தேனா, ஓடினேனா என்று நினைவில்லை. அவனைக் கண்டுபிடித்தும் ஒன்றும் தீரவில்லை.

கண்ணை மூடிய பாட்டு

பன்னிரண்டு மணி தாண்டி லொறி வந்தது. ஏறினேன். ரெஜி மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, வழக்கமான துள்ளல் இல்லாமல் மெதுவாகத் தொடங்கினார்.

இரண்டாவது வரியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள். முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? கண்களை இறுக்கி மூடிக்கொண்டேன். மூடினாலும் வழிந்துகொண்டேதான் இருந்தது. இனிப் பார்க்கவும் என்ன இருக்கிறது, அவன்தான் வரமாட்டானே. மூடிய கண்ணோடு மூன்று பாட்டையும் பாடினேன். அன்றைக்குப் பாடியதுபோல் முன்னும் பாடவில்லை, பின்னும் பாடவில்லை. பாஸ்டர் கீழே "ஆவியானவர் தொட்டுட்டாரு! தொட்டுட்டாரு!" என்று உருகிக்கொண்டிருந்தார். நான் அவரைத் திருத்தவில்லை, இன்றுவரைக்கும்.

பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தபோது வரிசை கலைந்திருந்தது. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு இறங்கினேன். பூமணி அக்கா அண்டாவின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அகப்பை நின்றது.

"நீர் காணேல்லையே?"

"எதைக்கா?"

"உம்மடை அண்ணர் வந்தவரெல்லே. அந்தத் தூணடியிலிருந்து வரிசையிலை நிண்டு, ஆறுதலா வந்தவர். உம்மைத்தான் பாத்துக்கொண்டு வந்தவர். நீரெண்டால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டெல்லே நிண்டனீர்."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். தூணடியில் யாரும் இல்லை. ஹட்டன் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

"மேசைக்கு வந்து தட்டை நீட்டிச் சிரிச்சவர்" என்றார் பூமணி அக்கா. "'அக்கா, ஒரு தண்டச்சோறு போடுங்க' எண்டு கேட்டவர். போட்டன். அந்தப் படியிலை இருந்து முழுக்கச் சாப்பிட்டுட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லியும் வாங்கினவர். பிறகு பஸ் நிக்கிற பக்கம் போட்டார்."

எந்தப் படி என்று கேட்டேன். காட்டினார். தட்டின்மேல் விரிக்கிற லன்ச் ஷீட் அங்கே மடித்து வைத்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். ஒரு பருக்கை இல்லை.

வேறு நாளாக இருந்தால் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கித் தேடியிருப்பேன். அன்றைக்குத் தேடவில்லை. இரண்டு மணி ஆகப்போகிறது, கடை திறந்துவிடுவார்கள். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஏழு மாதம் அந்தச் சோற்றுக்கு மேலே நின்று பாடியிருக்கிறேன், ஒரு வாய் தின்றதில்லை.

தட்டொன்றை எடுத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, எனக்கும் ஒரு தண்டச்சோறு போடுங்க" என்றேன்.